தகுதிச் சோதனையில் தேறாத கார்: பணிமனை சொல்வதையெல்லாம் மாற்றித்தான் ஆக வேண்டுமா?

மிதவேகம் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என்னுடைய பெட்ரோல் காருக்கு 13 வயதாகிறது. இதுவரை பெரிய தொந்தரவு எதையும் தந்ததில்லை. அண்மைக் காலமாக அலுவலகம் சென்று திரும்பும் குறுகிய தூரத்துக்கு மட்டுமே பயன்படுத்தி வருகிறேன். இந்த முறை தகுதிச் சோதனைக்குக் கொண்டு சென்றபோது வண்டி தேறவில்லை. நிராகரிப்பு அறிக்கையில் நான்கு குறைகள் எழுதப்பட்டுள்ளன: முன்சக்கர பிரேக்கின் விசை இடப்புறமும் வலப்புறமும் சமமாக இல்லை, புகைப்போக்கியில் கார்பன் மோனாக்சைடு அளவுக்கு மேல் உள்ளது, வலது முன்சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மின் பால் ஜாயின்ட்டில் (குமிழ் மூட்டில்) ஆட்டம் இருக்கிறது, வலது ஹெட்லைட்டின் ஒளி மேல்நோக்கிச் சிதறுகிறது. இவை தவிர, கவனிக்க வேண்டியவை என்ற தலைப்பின் கீழ், பின் டயர்களின் பட்டை தேய்ந்து வருவதும் கதவுக்குக் கீழே உள்ள தகட்டில் துரு பிடித்திருப்பதும் குறிப்பிடப்பட்டுள்ளன.

அந்த அறிக்கையை ஒரு பணிமனையில் காட்டினேன். அவர்கள் வண்டியைத் தூக்கிக்கூடப் பார்க்காமல், முன்பக்கக் காலிப்பர் (பிரேக்கை அழுத்தும் பிடி) இரண்டு, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் (புகையின் நச்சைக் குறைக்கும் கருவி), லோயர் ஆர்ம் இரண்டு, முழு ஹெட்லைட், நான்கு டயர், துருவுக்கு வெல்டிங் என்று ஒரு பட்டியல் கொடுத்தார்கள். அதன் மொத்தத் தொகை, வண்டியை இன்று விற்றால் கிடைக்கக்கூடிய விலையில் பாதியைத் தாண்டுகிறது.

நான் அறிய விரும்புபவை மூன்று. இவை எல்லாவற்றையும் மாற்றித்தான் ஆக வேண்டுமா? எந்த வரிசையில் வேலையைச் செய்வது? இந்த நிலையில் வண்டியை ஓட்டலாமா, அல்லது வண்டியையே கைவிட்டுவிடுவது நல்லதா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் உதவியாக இருக்கும்.

நாலுசக்கரம்

வணக்கம். வாகனப் பரிசோதனைப் பணியில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நிராகரிப்பு அறிக்கை என்பது பழுதுபார்ப்புப் பட்டியல் அன்று. பரிசோதகர் அளந்ததையும் கண்ணால் கண்டதையும் மட்டுமே எழுதுவார். எந்தப் பாகத்தால் அந்தக் குறை வந்தது என்று கண்டுபிடிப்பது அவருடைய வேலை அல்ல, அதற்கான நேரமும் அவரிடம் இருக்காது. அறிக்கையில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் நேராக ஒரு புதிய பாகத்தை எழுதிக் கொடுக்கும் பணிமனை, காரணத்தைத் தேடும் வேலையை உங்கள் செலவில் தவிர்த்துக்கொள்கிறது.

ஓட்டலாமா என்ற கேள்விக்கு விடை, குறைகள் எந்த வகையில் சேர்க்கப்பட்டுள்ளன என்பதில் இருக்கிறது. வாகனத் தகுதிச் சோதனை பற்றிய ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014ஆம் ஆண்டுப் பணிப்புரை குறைகளைச் சிறியவை, பெரியவை, ஆபத்தானவை என்று மூன்றாகப் பிரிக்கிறது. வேறு பல நாடுகளின் விதிகளிலும் ஏறக்குறைய இதே போன்ற பாகுபாடு உண்டு. ஆபத்தானது என்று குறிக்கப்பட்டிருந்தால் வண்டியை இழுவை வாகனத்தில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். பெரிய குறையென்றால் நேராகப் பணிமனைக்கு ஓட்டிச் செல்லப் பெரும்பாலும் அனுமதி கிடைக்கும். ஆனால் அதற்கான கால வரம்பும், அந்த இடைவெளியில் காப்பீடு செல்லுமா என்பதும் இடத்துக்கு இடம் மாறுவதால், சோதனை நிலையத்தில் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கவனிக்க வேண்டியவை என்ற தலைப்பில் உள்ளவற்றுக்காக வண்டி நிராகரிக்கப்படவில்லை. எனவே நான்கு டயர் என்பதும் வெல்டிங் என்பதும் இன்றைய பட்டியலில் இடம்பெற வேண்டியதில்லை.

அடுத்து பிரேக். உருளைகள் மீது சக்கரத்தை ஏற்றிச் சோதித்திருந்தால் ஒவ்வொரு சக்கரத்தின் விசையும் அச்சுத் தாளில் இருக்கும். அதைக் கேட்டு வாங்குங்கள். அந்த எண்கள் இல்லாமல் யாரும் உங்களுக்குச் சரியான விடை சொல்ல இயலாது. ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். முன் இடது 2.6 கிலோநியூட்டன், முன் வலது 1.7, பின்சக்கரங்கள் 1.4, 1.5 என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 7.2 வருகிறது. வண்டியின் எடை 1,100 கிலோ என்றால் அது ஏறத்தாழ 10.8 கிலோநியூட்டன் விசைக்குச் சமம். ஆகவே பிரேக்கின் மொத்தத் திறன் 66 விழுக்காட்டுக்கு மேல் இருக்கிறது. மேலே சொன்ன பணிப்புரையின்படி, 2012க்கு முன் பதிவான கார்களுக்கு 50 விழுக்காடும் அதற்குப் பின் பதிவானவற்றுக்கு 58 விழுக்காடும் போதும் என்பதால், மொத்தத் திறனில் இந்த வண்டி எளிதாகத் தேறிவிடும். ஆனால் முன்சக்கரங்கள் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 0.9, பெரிய எண்ணான 2.6உடன் ஒப்பிட்டால் அது 35 விழுக்காடு. 30ஐத் தாண்டினாலே நிராகரிப்பு. ஆக, இப்படிப்பட்ட வண்டியில் பிரேக் இல்லை என்பது பிரச்சினை அல்ல, ஒரு பக்கம் சோம்பிக் கிடக்கிறது என்பதுதான் பிரச்சினை. ஈரமான சாலையில் திடீரென்று மிதித்தால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும் என்பதால் இதை அலட்சியப்படுத்தவும் கூடாது.

சோம்பலுக்குக் காரணம் காலிப்பராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. காலிப்பர் நகர்வதற்கான வழுக்கு ஊசிகள் உலர்ந்து இறுகிவிட்டால், சக்கரத்தோடு சுழலும் தட்டை உள்பக்க பேட் (உராய்வுக் கட்டை) மட்டும் அழுத்தும், வெளிப்பக்க பேட் பேருக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். சக்கரத்தைக் கழற்றி இரண்டு பேட்களின் தடிமனையும் ஒப்பிட்டாலே இது தெரிந்துவிடும். ஒன்று பாதியாகவும் மற்றது புதிதுபோலவும் இருந்தால் ஊசியைக் கழற்றித் துடைத்து, அதற்குரிய வெப்பம் தாங்கும் கிரீஸ் பூசுவதோடு வேலை முடியக்கூடும். பேட்டில் எண்ணெயோ கிரீஸோ பட்டிருந்தால் அதைத் தேய்த்துத் துடைத்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். மாற்றும்போது இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். பிரேக்குக்குச் செல்லும் ரப்பர் குழாய் உள்ளுக்குள் வீங்கி அடைத்துக்கொள்வதும் பழைய வண்டிகளில் உண்டு. வெளியே பார்த்தால் அது நன்றாகவே இருக்கும் என்பதால் பலர் அதை விட்டுவிடுவார்கள்.

இவை எதுவும் இல்லாமல், இடப்பக்கம்தான் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதும் சாத்தியம். பத்து நிமிடம் அதிகம் பிரேக் மிதிக்காமல் ஓட்டிவிட்டுச் சக்கரங்களின் அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒரு சக்கரத்தில் மட்டும் அனல் அடித்தால் அதுதான் விடாமல் பிடிக்கிறது.

திருப்புளி

முந்தைய மறுமொழியோடு முற்றிலும் உடன்படுகிறேன். மெக்கானிக் என்ற முறையில் புகைச் சோதனை பற்றி மட்டும் சொல்கிறேன். ஏனென்றால் அந்தப் பட்டியலிலேயே விலை அதிகமான பாகமும், ஆராயாமல் மாற்றப்படும் பாகமும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்தான். அதற்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய உலோகங்கள் இருப்பதால்தான் அதன் விலை அவ்வளவு அதிகம்.

கார்பன் மோனாக்சைடு அதிகம் என்று மட்டும் தெரிந்தால் போதாது. அதே தாளில் லாம்ப்டா என்று ஓர் எண்ணும், ஹைட்ரோகார்பன் (எரியாத பெட்ரோல்) என்று ஓர் எண்ணும் இருக்கும். இம்மூன்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும். லாம்ப்டா 1 என்றால் எரிபொருளுக்குத் தேவையான அளவு காற்று சரியாகக் கிடைக்கிறது. 1க்குக் கீழே இறங்கினால் பெட்ரோல் கூடுதல், மேலே ஏறினால் காற்று கூடுதல். பெரும்பாலான விதிகள் 0.97 முதல் 1.03 வரை ஏற்கின்றன. மோனாக்சைடு கூடுதலாகவும் லாம்ப்டா 0.95 அளவிலும் இருந்தால், எஞ்சினே தேவைக்கு மேல் பெட்ரோல் குடிக்கிறது என்று பொருள். மோனாக்சைடை எரித்துக் கார்பன் டை ஆக்சைடாக மாற்ற கன்வெர்ட்டருக்கு ஆக்சிஜன் வேண்டும். அதைக் கொடுக்காமல் கன்வெர்ட்டரைக் குறைசொல்வது, அரிசி போடாமல் உலையைக் குறைசொல்வதற்கு ஒப்பாகும். அந்த நிலையில் புதிய கன்வெர்ட்டர் போட்டாலும் வண்டி மீண்டும் தோற்கும், சில மாதங்களில் புதியதும் கெட்டுப்போகும். லாம்ப்டா சரியாக இருந்து, எஞ்சின் முழுச் சூட்டில் இருக்கும்போதும் மோனாக்சைடு கூடுதலாக வந்தால் மட்டுமே கன்வெர்ட்டர் மீது சந்தேகம் வலுப்பெறும்.

ஹைட்ரோகார்பன் மட்டும் எக்கச்சக்கமாக இருந்தால் ஏதோ ஒரு சிலிண்டரில் தீப்பற்றல் தவறுகிறது. ஸ்பார்க் பிளக்கையும் இக்னிஷன் காயிலையும் பாருங்கள். லாம்ப்டா 1.03ஐத் தாண்டினால், சைலன்சர் குழாயில் எங்கோ ஓட்டை இருந்து வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது என்பது முதல் சந்தேகம்.

ஆகவே முதலில் அந்தத் தாளைப் படம் எடுத்துப் போடுங்கள், அல்லது எண்களை இங்கே எழுதுங்கள். இன்னும் இரண்டு செய்திகள் வேண்டும்: அண்மையில் மைலேஜ் குறைந்திருக்கிறதா? நன்றாக ஓடிய பிறகு வெப்பமானியின் முள் எங்கே நிற்கிறது?

விரைவுவழி

எதற்கு இவ்வளவு ஆராய்ச்சி? பெட்ரோல் டாங்கில் ஊற்றும் சுத்திகரிப்புத் திரவம் ஒரு புட்டி வாங்கி ஊற்றுங்கள். சோதனைக்கு முன் நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் வேகமாக ஓட்டிச் சென்று, சூடு ஆறுவதற்குள் சோதனைக்கு நிறுத்துங்கள். நான் ஒவ்வொரு முறையும் அப்படித்தான் செய்கிறேன், வண்டி தேறிவிடுகிறது.

கணக்குப்பிள்ளை

நான் வண்டி நுட்பம் அறிந்தவன் அல்லன். செலவுக் கணக்கைப் பற்றி மட்டும் ஒரு கருத்து. பழுதுச் செலவு வண்டியின் விலையில் பாதியைத் தாண்டினால் வண்டியை விட்டுவிட வேண்டும் என்று பலரும் சொல்வார்கள். அந்தக் கணக்கு தவறான இரண்டு எண்களை ஒப்பிடுகிறது என்பது என் எண்ணம். சான்று இல்லாத வண்டியின் விலையும் சான்று உள்ள வண்டியின் விலையும் ஒன்றல்ல. தேறாத வண்டியை விற்கப் போனால், குறைகளை வாங்குபவரிடம் சொல்லித்தான் விற்க வேண்டும், அப்போது அவர் பழுதுச் செலவைக் கழித்துக்கொண்டு, அதற்கு மேலும் கழித்துக்கொண்டுதான் விலை பேசுவார். ஆகவே பழுதுபார்ப்பதற்கு ஆகும் செலவை, அதனால் கூடும் விற்பனை விலையோடும், அந்த வண்டி இன்னும் எவ்வளவு காலம் உங்களுக்கு உழைக்கும் என்பதோடும் சேர்த்து ஒப்பிட வேண்டும். மாற்று வண்டி வாங்கினால் அதன் பதிவு, காப்பீடு, வரி, தெரியாத குறைகள் ஆகியவையும் தராசின் மறுதட்டில் ஏற வேண்டும்.

கடந்த ஆண்டில் கிளட்சோ பேட்டரியோ போட்டிருந்தால் அதை நினைத்து, இவ்வளவு செலவழித்த வண்டியை எப்படி விடுவது என்று தயங்குவதிலும் பொருள் இல்லை. போன பணம் எப்படியும் போனதுதான். இனிச் செலவாகப் போவது எவ்வளவு என்பது மட்டுமே கணக்கு.

எது எப்படியானாலும், வண்டியைத் தூக்கிப் பார்க்காமல் கொடுத்த தொகையை வைத்துக்கொண்டு இந்த முடிவை எடுக்காதீர்கள். வேறொரு பணிமனையில் ஆய்வுக்கு மட்டும் தனியாகக் கூலி கொடுத்து, என்ன காரணம் என்று எழுதி வாங்குங்கள். வேலை கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு இல்லாதவர் சொல்லும் காரணத்துக்கு மதிப்பு அதிகம்.

மிதவேகம்

எல்லோருக்கும் மிக்க நன்றி. சோதனை நிலையத்தில் கேட்டபோது அச்சுத் தாளின் நகலைத் தயக்கமில்லாமல் கொடுத்தார்கள்.

புகைச் சோதனை, எஞ்சினை வேகமாகச் சுழலவிட்ட நிலையில்: கார்பன் மோனாக்சைடு 1.4 விழுக்காடு, லாம்ப்டா 0.95, ஹைட்ரோகார்பன் 180. என் வண்டிக்கான மோனாக்சைடு வரம்பு 0.2 என்று அருகிலேயே அச்சிடப்பட்டுள்ளது. மைலேஜ் குறைந்திருப்பது உண்மை. போக்குவரத்து நெரிசலால் இருக்கும் என்று நினைத்திருந்தேன். வெப்பமானியின் முள் முன்பெல்லாம் நடுவில் நிற்கும், இப்போது எவ்வளவு ஓட்டினாலும் நடுவை எட்டுவதில்லை. எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரியவில்லை. நண்பர் ஒருவரிடம் வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனர் இருக்கிறது. அதை மாட்டி என்ன பார்க்க வேண்டும் என்று சொன்னால் பார்த்துவிடுவேன்.

பிரேக்கைப் பொறுத்தவரை, வலது முன்சக்கரத்தின் உள்பக்க பேட் நன்றாகத் தேய்ந்தும் வெளிப்பக்க பேட் தடிமனாகவும் இருக்கிறது. நாலுசக்கரம் ஐயா சொன்ன ஊசிக் கதைதான் போலும்.

திருப்புளி

இந்த எண்களைப் பார்த்த பிறகு கன்வெர்ட்டருக்கு ஒரு காசும் கொடுக்காதீர்கள், குறைந்தது இப்போதைக்கு. லாம்ப்டா 0.95 என்பதால் பெட்ரோல் கூடுதலாகப் போகிறது. முள் நடுவை எட்டவில்லை என்பதால், சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் வால்வான தெர்மோஸ்டாட் திறந்த நிலையிலேயே சிக்கிக்கொண்டிருக்கிறது என்பது என் முதல் ஊகம். தெர்மோஸ்டாட் மூடாவிட்டால் குளிர்விக்கும் நீர் எப்போதும் ரேடியேட்டர் வழியாகவே சுற்றும், எஞ்சின் சூடேறாது. எஞ்சின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று கட்டுப்பாட்டுக் கருவி நம்பிக்கொண்டு கூடுதல் பெட்ரோலை அனுப்பிக்கொண்டே இருக்கும். பாகத்தின் விலையோ கன்வெர்ட்டரின் விலைக்கு அருகில்கூட வராது.

ஊகத்தை ஸ்கேனரில் சரிபார்க்கலாம். வண்டியை அரை மணி நேரம் ஓட்டிவிட்டு, நேரடி அளவீடுகளில் குளிர்விப்பு நீரின் வெப்பநிலையைப் பாருங்கள். பெரும்பாலான எஞ்சின்களில் அது 85 முதல் 95 டிகிரிக்குள் நிற்க வேண்டும். 70க்குக் கீழே தவித்துக்கொண்டிருந்தால் தெர்மோஸ்டாட், அல்லது அந்த வெப்பநிலையைச் சொல்லும் சென்சார் பொய் சொல்கிறது. மேல் ரேடியேட்டர் குழாய், வண்டியை எடுத்த சில நிமிடங்களுக்கு வெதுவெதுப்பின்றி இருந்து, பிறகுதான் திடீரென்று சூடாக வேண்டும். தொடக்கத்திலிருந்தே மெல்ல மெல்லச் சூடேறினால் பழி தெர்மோஸ்டாட் மீதுதான். குழாயைத் தொட்டுப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், சூடான நிலையில் ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டாம்.

அதே திரையில் ஃபியூல் டிரிம் என்ற அளவையும் கவனியுங்கள். ஆக்சிஜன் சென்சார் சொல்வதைக் கேட்டுக் கட்டுப்பாட்டுக் கருவி பெட்ரோலை எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்பதை அது காட்டும். அது பூச்சியத்தில் அசையாமல் நின்றால் கருவி இன்னும் சென்சாரின் பேச்சைக் கேட்கவே தொடங்கவில்லை, அதாவது எஞ்சின் குளிர்ந்திருப்பதாகவே எண்ணுகிறது. மாறாக, டிரிம் மைனஸ் 20 அளவுக்கு இறங்கியும் லாம்ப்டா ஏறவில்லை என்றால், கருவி குறைக்கக் குறைக்க வேறு எங்கிருந்தோ பெட்ரோல் வருகிறது: ஒழுகும் இன்ஜெக்டர் (பெட்ரோலைப் பீய்ச்சும் பாகம்), அளவுக்கு மீறிய எரிபொருள் அழுத்தம், மூடாமல் நிற்கும் பர்ஜ் வால்வு (டாங்கின் பெட்ரோல் ஆவியை எஞ்சினுக்குள் விடும் வால்வு) ஆகியவற்றை அடுத்துப் பார்க்க வேண்டும்.

எஞ்சின் ஆயிலையும் கையோடு மாற்றிவிடுங்கள். குறுகிய தூரம் மட்டுமே ஓடும், சூடேறாத எஞ்சினில் எரியாத பெட்ரோல் ஆயிலில் கலந்துவிடும். அந்த ஆவி மீண்டும் எஞ்சினுக்குள் உறிஞ்சப்பட்டு மோனாக்சைடை உயர்த்தும். ஆயில் கம்பியை எடுத்து முகர்ந்தால் பெட்ரோல் வாடை அடிக்கிறதா என்று பாருங்கள். ஏர் ஃபில்டரை மாற்றச் சொல்லிப் பலர் வருவார்கள். மாற்றினால் கெடுதல் இல்லை, ஆனால் உள்ளே வரும் காற்றை அளந்து பெட்ரோல் தரும் இன்றைய எஞ்சின்களில் அழுக்கு ஃபில்டரால் மட்டும் லாம்ப்டா இவ்வளவு இறங்குவது அரிது.

விரைவுவழி நண்பருக்கு ஒரு சொல். நன்றாக ஓட்டிச் சூடாக்கிக் கொண்டுபோவது சரியான ஆலோசனைதான்; கன்வெர்ட்டர் ஏறத்தாழ 250 முதல் 300 டிகிரி சூட்டில்தான் வேலையைத் தொடங்கும் என்பதால், குளிர்ந்த வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துபவர்கள் வீணாகத் தோற்கிறார்கள். ஆனால் தெர்மோஸ்டாட் சிக்கிய வண்டியை எவ்வளவு ஓட்டினாலும் எஞ்சின் சூடேறாது. புட்டித் திரவம் அதை மூடிவைக்காது.

மிதவேகம்

பார்த்துவிட்டேன். அரை மணி நேர ஓட்டத்துக்குப் பிறகும் நீரின் வெப்பநிலை 64 டிகிரியைத் தாண்டவில்லை. சரிவான சாலையில் இறங்கும்போது 58க்கு வந்துவிட்டது. ஃபியூல் டிரிம் பூச்சியத்திலேயே நிற்கிறது. ஆயில் கம்பியில் பெட்ரோல் வாடை இருக்கிறது. தெர்மோஸ்டாட்டையும் ஆயிலையும் மாற்றச் சொல்லிவிட்டேன், மாற்றிய பிறகு புகையை அளந்துவிட்டுத்தான் மேற்கொண்டு எதையும் தொடுவதாக உத்தேசம். இனி லோயர் ஆர்ம், ஹெட்லைட், துரு ஆகியவற்றைப் பற்றியும், மறுசோதனை பற்றியும் சொல்ல முடியுமா?

நாலுசக்கரம்

நல்ல முன்னேற்றம். வலது பால் ஜாயின்ட்டில் ஆட்டம் என்று எழுதியிருப்பதால் அதைத் தள்ளிப்போடாதீர்கள். பால் ஜாயின்ட் கழன்றால் சக்கரம் மடிந்துவிடும். பிரேக்குக்கு அடுத்தபடி உயிரோடு விளையாடும் குறை இதுதான். ஆனால் ஆட்டம் எங்கிருந்து வருகிறது என்பதை ஒரு முறை உறுதிசெய்துகொள்ளுங்கள். வண்டியை ஜாக்கில் தூக்கி, தாங்குகட்டை கொடுத்த பிறகு, டயரின் உச்சியிலும் அடியிலும் கை வைத்து அசைத்துப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் அது பால் ஜாயின்ட்டாகவோ வீல் பேரிங்காகவோ இருக்கலாம். இன்னொருவரை பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லி மீண்டும் அசைக்கும்போது ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயின்ட். டயரின் இடப்புறமும் வலப்புறமும் பிடித்து அசைக்கும்போது மட்டும் ஆட்டம் வந்தால், சக்கரத்தைத் திருப்பும் தண்டான டை ராடின் முனையைப் பாருங்கள்.

சில வண்டிகளில் பால் ஜாயின்ட்டை மட்டும் தனியாக அழுத்திப் பொருத்தலாம், சிலவற்றில் ஆர்மோடு சேர்த்தே வரும். எதிர்ப்பக்க ஆர்மில் ஆட்டமும் இல்லை, அதன் மறுமுனையில் உள்ள புஷ் ரப்பரில் வெடிப்பும் இல்லை என்றால் ஒன்றை மட்டும் மாற்றினால் போதும். இது பிரேக் பேட் போன்றதல்ல, இரண்டையும் ஜோடியாக மாற்ற வேண்டும் என்ற கட்டாயம் இதற்கு இல்லை. மாற்றும்போது மெக்கானிக்கிடம் ஒன்றைச் சொல்லிவையுங்கள்: புஷ் உள்ள போல்ட்டுகளை, வண்டி தன் எடையோடு சக்கரத்தின் மீது நிற்கும் நிலையில்தான் இறுதியாக முறுக்க வேண்டும். சக்கரம் தொங்கும்போதே முறுக்கிவிட்டால், வண்டி இறங்கியதும் ரப்பர் முறுக்கேறிய நிலையிலேயே வாழ்ந்து, விரைவில் கிழிந்துவிடும். அவசரத்தில் பலரும் இதைச் செய்வதில்லை. வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணம்) பார்க்க வேண்டும், இல்லையென்றால் முன் டயர்களின் உள்விளிம்பு தின்னப்பட்டு, அடுத்த சோதனையில் டயருக்காக நிற்க நேரும்.

ஹெட்லைட்டைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். வண்டியின் முன்பக்க உயரம் சிறிது மாறினாலும் ஒளியின் கோணம் மாறும் என்பதால், அடிப்பக்க வேலைகள் முடிந்து, டயர்களில் சரியான காற்று நிரப்பி, டிக்கியைக் காலி செய்த பிறகே கோணத்தைத் திருத்த வேண்டும். உள்ளே ஒளியின் உயரத்தை மாற்றும் உருளை இருந்தால் அது பூச்சியத்தில் இருக்கட்டும். 1 விழுக்காடு சாய்வு என்றால் 10 மீட்டர் தொலைவில் ஒளியின் மேல்விளிம்பு 10 சென்டிமீட்டர் இறங்கியிருக்க வேண்டும். சமதளத்தில் சுவர் எதிரே நிறுத்தி நீங்களே ஓரளவு பார்த்துவிடலாம்.

ஆனால் உங்கள் அறிக்கையில் ஒளி சிதறுகிறது என்றும் இருப்பது எனக்கு வேறொரு ஐயத்தைத் தருகிறது. பல்ப் தன் பள்ளத்தில் சரியாக உட்காராமல் சாய்ந்திருந்தாலும், ஹாலஜனுக்காக வடிவமைத்த விளக்கில் எல்இடி பல்ப்பைப் பொருத்தியிருந்தாலும் இப்படித்தான் சிதறும். முதலாவதைக் கழற்றி மாட்டினால் தீர்ந்துவிடும்; இரண்டாவதற்குப் பழைய வகை பல்ப்பையே போட வேண்டும். கண்ணாடிபோல் தெரியும் முன்மூடி உண்மையில் பாலிகார்பனேட். வெயிலில் அது மஞ்சளித்து மங்கிவிடும், தேய்த்து மெருகேற்றினாலும் தெளியும். ஆக, முழு ஹெட்லைட் வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை இத்தனை இருக்கின்றன.

துருவைப் பொறுத்தவரை, இந்த ஆண்டு அது நிராகரிப்பு அல்ல. என்றாலும் திருப்புளியின் கைப்பிடியால் அந்தத் தகட்டை மெல்லத் தட்டிப் பாருங்கள் (உறுப்பினரைச் சொல்லவில்லை). கணீரென்ற ஒலி வந்தால் மேற்பரப்புத் துருதான். சுரண்டி, துரு தடுக்கும் பூச்சு அடித்தால் நிற்கும். மந்தமான ஒலி வந்தாலோ, உதிர்ந்தாலோ உள்ளே அரித்துவிட்டது, வெல்டிங்தான் வழி. சஸ்பென்ஷனும் சீட் பெல்ட்டும் பொருந்தும் இடங்களுக்கு அருகில் வரும் அரிப்பை எந்தப் பரிசோதகரும் விடமாட்டார். பட்டி வைத்து வண்ணம் பூசி மறைப்பது பயன் தராது. சோதனைக்கு முன்தினம் அடித்த கறுப்புப் பூச்சு பளபளவென்று தெரிந்தால், எங்களைப் போன்றவர்கள் அங்கேதான் முதலில் தட்டிப் பார்ப்போம்.

மறுசோதனைக்குப் பல இடங்களில் குறிப்பிட்ட நாட்களுக்குள் வந்தால் தேறாதவற்றை மட்டும் பார்க்கும் ஏற்பாடு உண்டு. அந்தக் காலம் கடந்துவிட்டால் முழுச் சோதனையும் முழுக் கட்டணமும். ஆகவே முதலில் தெர்மோஸ்டாட்டும் பிரேக்கும், பிறகு ஆர்ம், அதன்பின் அலைன்மென்ட், கடைசியாக ஹெட்லைட் என்று நாட்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். மாற்றிய பாகங்களின் ரசீதுகளை வைத்திருங்கள், கழற்றிய பழைய பாகங்களையும் கேட்டு வாங்குங்கள். பிரேக்கைச் சரிசெய்த பின், வெற்றுச் சாலையில் சில முறை மிதமாக அழுத்தி பேட்களைத் தட்டோடு படியவிட்ட பிறகே உருளை மீது ஏற்ற வேண்டும். புது பேட் போட்ட அன்றே கொண்டுபோய் மீண்டும் 30ஐத் தாண்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மிதவேகம்

எல்லாம் தெளிவாகிவிட்டது. ஒரே ஓர் ஐயம். பழைய பிழைக் குறிகள் ஏதும் இருந்தால் போய்விடட்டும் என்று, மறுசோதனைக்குப் போகும் காலையில் பேட்டரி இணைப்பைக் கழற்றி மாட்டச் சொல்கிறார் நண்பர். செய்யலாமா?

திருப்புளி

வேண்டாம். பேட்டரியைக் கழற்றினால் பிழைக் குறிகளோடு, கட்டுப்பாட்டுக் கருவி தன்னைத்தானே சோதித்து முடித்ததற்கான பதிவுகளும் அழிந்துவிடும். ஸ்கேனர் மாட்டிச் சோதிக்கும் இடங்களில் அந்தப் பதிவுகள் முடியாத நிலையில் இருந்தால், குறை எதுவும் இல்லாவிட்டாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவை மீண்டும் நிறைவடைய, குளிர்ந்த நிலையிலிருந்து தொடங்கி, நகரச் சாலையும் நெடுஞ்சாலையும் கலந்து சில நாட்கள் ஓட்ட வேண்டியிருக்கும். தெர்மோஸ்டாட் மாற்றும்போது பேட்டரியைக் கழற்ற நேர்ந்தால்கூட, மறுசோதனைக்கு முன் அந்தச் சில நாட்கள் உங்கள் கையில் இருக்குமாறு வேலையை முதலிலேயே முடித்துவிடுங்கள்.